மர்ஹூம் மாமனாரின் வால்வுப் பெட்டி



வழக்கமாக இப்பக்கத்தில் நான்கைந்து கடிதங்களுக்குப் பதில் எழுதுவேன். இம்மாதம் ஒன்றே ஒன்றுதான். நயினாதீவிலிருந்து ஒரு சகோதரி எழுதிய கடிதத்தைப் படித்தபின் மற்றவற்றை அடுத்த மாதத்துக்கு ஒதுக்கிவிட்டேன். காரணம், அவர் வீட்டில் ஒரு பிள்ளை ஸ்குரூ டிரைவரோடு நிற்கிறான். "நான் விவரமாக எழுதும்வரை பெட்டியைத் திறக்க விடாதீர்கள், பிளக்கிலும் செருக வேண்டாம்" என்று இரண்டு வரி அன்றே தபாலில் அனுப்பிவிட்டேன். விவரம் இதோ. உங்களில் பலர் வீட்டிலும் இப்படி ஒரு பழைய பெட்டி பரணில் கிடக்கக்கூடும் என்பதால் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

கடிதத்தின் சாரம் இதுதான். சகோதரியின் மாமனார் 1970களில் தம் கையாலேயே ஒரு ஸ்டீரியோ அம்பிளிபயர் செய்தார். இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமையாக இருந்த காலம் அது. பழுதான வானொலிப் பெட்டிகளிலிருந்து வால்வுகளையும் ட்ரான்ஸ்போமர்களையும் கழற்றி, தகரத்தை வெட்டி வளைத்து, இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் தனித்தனியாக ஒலி வரும்படி அமைத்தாராம். 1990இல் குடும்பம் தீவை விட்டபோது பெட்டி அங்கேயே நின்றுவிட்டது. அடுத்த வீட்டுத் தமிழ்க் குடும்பத்தார் அதைச் சாக்கில் சுற்றித் தங்கள் பரணில் ஏற்றிவைத்திருந்து, இவர்கள் திரும்பி வந்ததும் கையில் கொடுத்திருக்கிறார்கள். மாமனார் அதைக் காணாமலேயே புத்தளத்தில் மவுத்தாகிவிட்டார். மாமிக்கு இப்போது 84 வயது. உயர்தரத்தில் தொழினுட்பம் படிக்கும் மகன், "அப்பா செய்த பெட்டியில்தான் வாப்பும்மாவின் குரலைப் பதிவு செய்வேன்" என்று நிற்கிறான். (பாட்டனாரை நம்மில் பலர் அப்பா என்றுதான் அழைப்போம், இந்தியாவிலிருந்து படிக்கும் சகோதரிகள் குழம்ப வேண்டாம்.) பெட்டியைத் திறந்து, சில வால்வுகளைக் கழற்றி, உள்ளிருந்து ஒரு கம்பி எடுத்தால் அது ஒலிவாங்கிக்கான முன்பெருக்கியாகிவிடும் என்பது அவன் திட்டம். கணவர் கத்தாரில். "விடலாமா, தடுக்கலாமா?" என்கிறார் சகோதரி. அதோடு மாமியின் தயக்கம் பற்றி ஒரு மார்க்கக் கேள்வியும் வைத்திருக்கிறார். அதற்குப் பின்னால் வருகிறேன்.

மௌலவிக்கு வால்வைப் பற்றி என்ன தெரியும் என்று நீங்கள் நினைக்கலாம். நான் ஓதிய அரபுக் கல்லூரியில் ஐந்து வருடம் எனக்கு 'மைக் பொறுப்பு'. அங்கே ஒரு பழைய வால்வு அம்பிளிபயர் இருந்தது. ஒருநாள் பிளக்கைக் கழற்றிவிட்டோமே என்ற தைரியத்தில் அதன் அடிப்பக்கம் கைவைத்தேன். அடுத்த கணம் நான் சுவரோடு கிடந்தேன். பெட்டி மேசையிலிருந்து விழுந்து கிடந்தது. வலது கைப் பெருவிரலில் அந்தச் சூட்டுத் தழும்பு இன்னும் இருக்கிறது. அதன் பிறகுதான் அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று வானொலி திருத்தும் ஒருவரிடம் உட்கார்ந்து கற்றேன்.

பிளக் கழன்ற பெட்டி எப்படி அடித்தது? வால்வு வேலை செய்ய 250 முதல் 300 வோல்ட் வரை நேர்மின்சாரம் தேவை. அதைச் சீராக்கி வைத்திருப்பவை கொள்ளளவிகள். கடைக்காரர் 'கப்பாசிட்டர்' என்பார். தண்ணீர்த் தொட்டி மாதிரி அவை மின்னைத் தேக்கிவைத்திருக்கும். சுவிட்சை அணைத்தபின், சூடாக இருக்கும் வால்வுகள் அந்தத் தேக்கத்தை மெல்லக் குடித்துத் தீர்க்கும். வால்வைக் கழற்றியிருந்தாலோ, வால்வு கெட்டிருந்தாலோ குடிக்க ஆளில்லை. தேக்கம் அப்படியே நிற்கும். நம் பிள்ளையின் திட்டத்தின் முதல் படியே வால்வைக் கழற்றுவதுதான் என்பதைக் கவனியுங்கள்.

இதைவிட மோசமான ஒன்றும் உண்டு. அந்தக் காலத்து வானொலிகளில் ஒரு வகை, மெயின் ட்ரான்ஸ்போமர் இல்லாமல் நேரே சுவர் மின்சாரத்திலேயே இயங்கும். அவற்றின் இரும்புச் சட்டகம் மின்கம்பியின் ஒரு முனையோடு ஒட்டியிருக்கும். மரப்பெட்டிக்குள் அடைபட்டு, பிளாஸ்டிக் குமிழோடு இருந்தவரை ஆபத்து வெளியே தெரியவில்லை. அப்படிப்பட்ட சட்டகத்தோடு ஒலிவாங்கியின் வெளிக்கம்பியை இணைத்து, உலோக ஒலிவாங்கியை 84 வயது மூதாட்டியின் கையில் கொடுத்தால்? 230 வோல்ட்டை அவர் கையில் கொடுப்பதாகிவிடும். மாமனார் பழைய வானொலிகளைப் பிரித்துத்தான் இதைச் செய்தார் என்பதால் இதை முதலில் பார்க்க வேண்டும். கண்ணாடி வால்வின் மேல் அச்சடித்த பெயரில் முதல் எழுத்து ஒரு குறிப்புத் தரும். ஐரோப்பிய வால்வுகளில் ஆங்கில 'ஈ' என்று தொடங்கினால் அது 6.3 வோல்ட் சூடேற்றி கொண்டது. பெரும்பாலும் ட்ரான்ஸ்போமர் வைத்த பெட்டிக்கு உரியது. 'யூ' என்று தொடங்கினால், ட்ரான்ஸ்போமர் இல்லாத வகையிலிருந்து வந்தது என்று சந்தேகிக்க வேண்டும். ஆனால் எழுத்தை மட்டும் நம்பாதீர்கள். மீட்டர் வைத்து அளந்து, "சட்டகம் மின்கம்பியிலிருந்து முற்றாகப் பிரிந்திருக்கிறது" என்று அனுபவமுள்ள ஒருவர் சொன்னபிறகே மேற்கொண்டு பேச்சு. 'யூ' வகை என்று தெரிந்தால் பெட்டியை அலுமாரியில் அழகுக்கு வையுங்கள். அதற்கு மேல் நான் எழுதுவது எதுவும் அதற்குப் பொருந்தாது.

சகோதரி அனுப்பிய புகைப்படத்தில் நடுவில் ஒரு சிறு வால்வும் இருபுறமும் இரண்டு உயரமான வால்வுகளும் தெரிகின்றன. மகன் எழுதித் தந்த பெயர்கள்: ஈ.சி.சி. 83 ஒன்று, ஈ.எல். 84 இரண்டு. பின்னால் ஒரு பெரிய ட்ரான்ஸ்போமர், இரண்டு சிறியவை. நல்ல அடையாளம். வீட்டில் செய்யப்பட்ட ஸ்டீரியோ பெட்டிகளில் மிக எளிய, மிகப் பரவலான அமைப்பு இதுதான். ஈ.சி.சி. 83 என்பது ஒரே கண்ணாடிக்குள் இரண்டு வால்வுகள். ஒரு பாதி இடப்பக்கத்துக்கு, மறு பாதி வலப்பக்கத்துக்கு. அமெரிக்கர்கள் இதையே 12 ஏ.எக்ஸ். 7 என்பார்கள். ஈ.எல். 84 ஸ்பீக்கரை ஓட்டுவது. ஒன்று சுமார் 5 வாட் தரும். இந்தியாவில் பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனமும் இவற்றைச் செய்தது. மின்கிதார்க்காரர்கள் விடாமல் கேட்பதால் இரண்டு வகையும் இன்றுவரை புதிதாக உற்பத்தியாகின்றன. ஆகவே வால்வு கெட்டிருந்தாலும் பெட்டி செத்துவிடவில்லை.

இனி விஷயத்துக்கு வருவோம். பாட்டுக்குச் செய்த பெட்டியில் ஒலிவாங்கியைச் செருகினால் ஏன் ஒன்றும் கேட்பதில்லை? வானொலியோ கிராமபோனோ அந்தப் பெட்டிக்குக் கொடுப்பது வோல்ட்டில் கால் பங்கு, அரைப் பங்கு. ஒரு வயோதிபப் பெண்மணி ஒரு சாண் தூரத்தில் மெதுவாகப் பேசினால், சாதாரண டைனமிக் ஒலிவாங்கியில் எழுவது மில்லிவோல்ட்டில் கால் பங்கு. ஆயிரம் மடங்கு குறைவு. ஆறு ஏழு பேருக்கு ஆக்கும் சட்டியில் ஒரு பருக்கையைப் போட்டு வேகவைப்பது மாதிரி.

ஆனால் நமக்கு ஸ்பீக்கரை அதிரவைக்கும் 5 வாட் வேண்டாம். பதிவுக் கருவியின் 'லைன்' துவாரத்துக்கு வோல்ட்டில் ஐந்தில் ஒரு பங்கு, நான்கில் ஒரு பங்கு போதும். கணக்குப் பாருங்கள். ஈ.சி.சி. 83இன் ஒரு பாதி ஏறத்தாழ 50 மடங்கு பெருக்கும். ஈ.எல். 84உம் அதன் வெளியீட்டு ட்ரான்ஸ்போமரும் சேர்ந்து ஸ்பீக்கர் முனையில் ஒன்றரை மடங்கு. மொத்தம் 75. கால் மில்லிவோல்ட் 75 மடங்காகி சுமார் 19 மில்லிவோல்ட். நமக்குத் தேவை 200க்குக் கிட்ட. இன்னும் பத்து மடங்குதான் குறைகிறது!

அந்தப் பத்து மடங்கைப் பெட்டிக்கு வெளியே வாங்கலாம் என்பதுதான் நான் அந்தப் பிள்ளைக்குச் சொல்ல விரும்புவது. ஒலிவாங்கி ட்ரான்ஸ்போமர் என்று ஒரு சிறு பொருள் உண்டு; தீப்பெட்டி அளவு, உலோக உறைக்குள் இருக்கும். ஒன்றுக்குப் பத்து விகிதத்தில் சுற்றியது வேண்டும். 200 ஓம் ஒலிவாங்கியை ஒரு பக்கம் கொடுத்தால் மறுபக்கம் பத்து மடங்கு மின்னழுத்தம் வரும். மின்சாரம் தேவையில்லை, சூடாகாது, தன்னிலிருந்து இரைச்சல் சேர்ப்பதும் இல்லை என்றே சொல்லலாம். மறுமுனையில் ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு, அதன் இடத்தில் 8 ஓம், 10 வாட் கம்பித் தடையி ஒன்றைப் போட வேண்டும். கடையில் 'வயர்வவுண்ட் ரெசிஸ்டர்' என்று கேளுங்கள். அந்தத் தடையியின் இரு முனையிலிருந்து உறையிட்ட கம்பியில் பதிவுக் கருவிக்குப் போகலாம். பெட்டியின் உள்ளே எதையும் வெட்டவோ, கழற்றவோ, புதிதாக ஈயம் வைக்கவோ தேவையில்லை. மூத்தவர் கையால் வைத்த ஈயம் அப்படியே இருக்கும்.

இரண்டு எச்சரிக்கைகள். தடையியைப் போடாமல், ஸ்பீக்கரும் இல்லாமல், வெறுமனே பெட்டியை இயக்கக் கூடாது. சுமையில்லாத வெளியீட்டு ட்ரான்ஸ்போமரில் மின்னழுத்தம் தாறுமாறாக எழும்பி அதன் காப்பு உடைந்துபோகும். அந்த ட்ரான்ஸ்போமர்தான் இன்று கிடைப்பதற்கு அரிது. அடுத்தது, ஸ்பீக்கர் பக்கத்தின் ஒரு முனை சட்டகத்தோடும், சட்டகம் மூன்று முனைப் பிளக் வழியாக நிலத்தோடும் இணைந்திருக்க வேண்டும். உள்ளே காப்பு எங்கேனும் உடைந்தால் 250 வோல்ட் பதிவுக் கருவிக்கு வராமல் நிலத்துக்குப் போவதற்கு அதுவே வழி.

பிள்ளையின் திட்டத்தில் அறிவில்லை என்று நான் சொல்லவில்லை. முதல் வால்விலிருந்தே ஒலியை எடுத்துவிட்டால் பின்னாலுள்ள வால்வும் ட்ரான்ஸ்போமரும் வீண்தானே என்பது நியாயமான கேள்வி. புதிதாகச் செய்பவர்கள் அப்படித்தான் செய்வார்கள். ஆனால் இந்தப் பெட்டியில் அந்த இரண்டு ஈ.எல். 84ஐயும் கழற்றினால், அவை இழுத்துக்கொண்டிருந்த நூறு மில்லிஅம்பியருக்கு மேற்பட்ட மின்னோட்டம் நின்றுவிடும். சுமை குறைந்ததும் 250 வோல்ட் 300ஐத் தாண்டும். ஐம்பது வருடப் பழைய கொள்ளளவி அதைத் தாங்குமா என்பது சந்தேகம். முதல் வால்விலிருந்து வரும் ஒலிக்குப் பலமும் போதாது. இரண்டு மூன்று யார் கம்பியிலேயே குரலின் கூர்மை மங்கும், பதிவுக் கருவி பாதியை விழுங்கிவிடும். அதைச் சரிசெய்ய இன்னொரு வால்வு வேண்டும். ஒன்றைத் தொட்டால் இன்னொன்று என்று கடைசியில் அப்பாவின் பெட்டி இருக்காது. பேரனின் பெட்டிதான் இருக்கும்.

பழைய வானொலிக் கடைகளில் கிறிஸ்டல் ஒலிவாங்கி என்று ஒன்று காட்டுவார்கள். அது நேரடியாக வால்வுக்கே பொருந்தும், ட்ரான்ஸ்போமர் வேண்டாம், விலையும் சொற்பம் என்பார்கள். உண்மைதான். ஆனால் அதற்குள் இருப்பது ரோஷெல் உப்பு என்ற ஒருவகை உப்புப் படிகம்; வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் கெட்டுப்போகும். தீவுக் காற்றுக்கு அது ஆகாது. வாங்கினால் டைனமிக் வாங்குங்கள்.

பெட்டியை ஒருவர் திறந்து பார்க்கத்தான் வேண்டும், அதை மறுக்கவில்லை. அது பிள்ளையின் வேலையல்ல, யாழ்ப்பாணத்தில் வால்வில் கைபழகிய ஒரு முதியவரின் வேலை. பிள்ளை பக்கத்தில் நின்று பார்க்கட்டும். செய்ய வேண்டியவை அதிகமில்லை. உலர்ந்துபோன பெரிய கொள்ளளவிகளை மாற்ற வேண்டும். இரண்டு வால்வுகளுக்கும் இடையிலுள்ள கடதாசிக் கொள்ளளவிகளையும் மாற்ற வேண்டும். அவை கசிந்தால் ஈ.எல். 84இன் உள்ளே தகடு சிவந்து எரியும். அணைத்ததும் தேக்கம் தானே வடிய ஒரு தடையியை நிரந்தரமாக வைக்கச் சொல்லுங்கள். மூன்று முனைக் கம்பியும் பியூஸும் போடச் சொல்லுங்கள். முதல் தடவை மின்சாரம் கொடுக்கும்போது 60 வாட் பழைய பல்பு ஒன்றைத் தொடராக வைத்துக் கொடுப்பார்கள். உள்ளே குறுக்குத் தொடர்பு இருந்தால் பல்பு பளீரென்று எரியும், பெட்டி தப்பும். அந்தக் காட்சியைப் பிள்ளைக்குக் காட்டச் சொல்லுங்கள். எந்தப் பாடப் புத்தகத்தையும்விட மனதில் பதியும்.

நயினாதீவிலிருந்து யாழ்ப்பாணத்துக்குப் பெட்டியைக் கொண்டுபோவதே ஒரு வேலை. வால்வுகளைக் கழற்றித் தனியே பஞ்சில் சுற்றி, பெட்டியைத் துணியில் பொதிந்து, குறிகட்டுவான் போகும் படகில் மடியில் வைத்துக்கொண்டு போங்கள். வால்வைக் கழற்றும் அந்த ஒரு வேலையைப் பிள்ளை செய்யலாம். மாதக்கணக்காக மின்சாரம் காணாத பெட்டியில், மேற்பக்கத்திலிருந்து, அடிப்பக்கத்தைத் திறக்காமல். எது எந்தக் குழியில் இருந்தது என்று எழுதி ஒட்டிக்கொள்ளட்டும்.

பெட்டி உயிர்பெற்று வந்ததும் அடுத்த எதிரி 'ம்ம்ம்' என்ற இரைச்சல். நம் நாட்டு மின்சாரம் விநாடிக்கு 50 முறை அலைவது. அதன் சாயலே அந்த முனகல். கொள்ளளவி புதிதானால் பாதி குறையும். மீதியைக் குறைக்க, ஒலிவாங்கி ட்ரான்ஸ்போமரைப் பெட்டியின் பெரிய ட்ரான்ஸ்போமரிலிருந்து ஒரு யாராவது தள்ளி வையுங்கள். மெல்லத் திருப்பிப் பார்த்தால் ஒரு நிலையில் முனகல் அடங்கும். ட்ரான்ஸ்போமரைப் பெட்டிக்குள்ளே பொருத்தியிருந்தால் இது முடியாது. மடிக்கணினியில் பதிவதென்றால் சார்ஜரைக் கழற்றிவிட்டு பற்றரியில் இயக்குங்கள். நயினாதீவு, அனலைதீவு, நெடுந்தீவு ஆகியவை தேசிய மின்வலையோடு சேராமல் டீசல் மின்பிறப்பாக்கியை நம்பியிருந்த தீவுகள். சூரிய ஒளியும் காற்றும் கலந்த மின்திட்டத்துக்கு 2024இல்தான் இந்திய உதவியோடு ஒப்பந்தமானது. மின்னழுத்தம் தளும்பும் நேரம் எது, நிதானமான நேரம் எது என்று வீட்டிலிருக்கும் உங்களுக்குத்தான் தெரியும். பல்பு துடிக்கும் நேரத்தில் பதிவு வேண்டாம்.

ஒலிவாங்கியிலிருந்து அந்தச் சிறு ட்ரான்ஸ்போமர் வரையுள்ள கம்பி எவ்வளவு நீளமானாலும் பரவாயில்லை. ட்ரான்ஸ்போமரிலிருந்து பெட்டிவரைதான் ஒரு யாருக்குள் இருக்க வேண்டும். ஆகவே சூடாகும் பெட்டியும் மின்கம்பிகளும் அடுத்த அறையில் இருக்கட்டும். சிறு பிள்ளைகள் ஓடித்திரியும் வீட்டில் இது பெரிய வசதி. ஸ்பீக்கர் இல்லாததால் பள்ளிவாசல் மைக் ஊளையிடுவது மாதிரி இங்கே நடக்காது. வெளிவந்த ஒலி மீண்டும் ஒலிவாங்கிக்குள் புகுவதால்தான் அந்த ஊளை. இங்கே தடையி மௌனமாக இருக்கிறது.

ஸ்டீரியோ என்பதால் இன்னொரு பலன். இரண்டு ஒலிவாங்கி, இரண்டு சிறு ட்ரான்ஸ்போமர் வாங்கினால், ஒன்று வாப்பும்மாவுக்கு, ஒன்று கேள்வி கேட்பவருக்கு. இரு குரலும் தனித்தனிப் பக்கத்தில் பதியும். பேரன் உற்சாகத்தில் கத்திவிட்டாலும் பிறகு அவன் பக்கத்தை மட்டும் குறைத்துக்கொள்ளலாம். ஒலிவாங்கியைக் கையில் கொடுக்காதீர்கள்; நடுங்கும் கையின் உரசல் எல்லாம் பதியும். தலையணையில் செருகி, வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், சற்றுப் பக்கவாட்டில் வையுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். சுபஹுக்குப் பின்னுள்ள நேரம் நல்லது.

இவ்வளவும் எழுதிய பின் ஒன்றை மறைக்கக் கூடாது. வால்வில் பதிந்தால் குரல் இனிமையாகும் என்று சொல்வார்கள். இந்த அளவு சிறிய ஒலியில் அப்படி ஒரு வித்தியாசத்தை நீங்களோ நானோ கண்டுபிடிக்கப் போவதில்லை. யூ.எஸ்.பி. வழியாகக் கணினியோடு இணையும் சிறு கருவிகள் இன்று கிடைக்கின்றன. ஒலிவாங்கிப் பெருக்கி அவற்றுக்குள்ளேயே இருக்கிறது, முனகலும் குறைவு. குரல்தான் நோக்கம் என்றால் அது போதும். பெட்டியைப் பயன்படுத்துவதற்கு ஒரே காரணம் அது அவருடையது என்பதே. அது சின்னக் காரணம் என்று நான் நினைக்கவில்லை. அவர் கணவர் தகரம் வெட்டியதையும் இரவில் விளக்கடியில் ஈயம் உருக்கியதையும் பார்த்தவர் அந்த மாமி. அந்தப் பெட்டி அறைக்குள் வந்தாலே அவர் பேசத் தொடங்கலாம்.

அவர் பேசட்டும் என்பதில் எனக்கும் ஒரு சுயநலம் உண்டு. நானும் 1990 ஒக்டோபரில், பத்து வயதில், உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு யாழ்ப்பாணத்தை விட்டவன். வடக்கிலிருந்து அப்போது வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் எழுபதினாயிரத்துக்கு மேல் என்பார்கள். நகரில் எங்களுக்குக் கிடைத்த அவகாசம் இரண்டு மணி நேரம். என் உம்மம்மா புத்தளத்து முகாமில் மவுத்தானார். அவர் குரல் எங்கள் எவரிடமும் இல்லை. எப்படிச் சிரிப்பார் என்று தங்கை கேட்டால் எனக்கு நடித்துக் காட்டத் தெரியவில்லை.

அதே வருடம் ஜூனில் சண்டை மீண்டும் மூண்டதிலிருந்து குடாநாடு பல வருடம் மின்சாரமின்றிக் கிடந்தது. பற்றரிக்கும் தடை. அங்கே தங்கியவர்கள் சைக்கிளைக் கவிழ்த்துவைத்து, மிதியைக் கையால் சுழற்றி, டைனமோவில் வானொலி கேட்டார்கள். நம் அயலவர்களுடைய அந்தக் கதையும், மண்கும்பானிலும் நயினாதீவிலும் பள்ளிவாசலைச் சுற்றி வாழ்ந்த நம் குடும்பங்களின் கதையும் சேர்ந்ததுதான் அந்தத் தீவுகளின் கதை. உங்கள் மாமியிடம் அதில் எழுதப்படாத பங்கு இருக்கிறது. எந்தக் கிணற்றில் நல்ல தண்ணீர், யார் படகு, பிள்ளைப்பேற்றுக்கு யாரைக் கூப்பிட்டார்கள், கந்தூரிக்கு யார் சமைத்தது, பெட்டியைக் காப்பாற்றிய வீட்டு அம்மாவோடு எப்படிப் பழக்கம் வந்தது என்று சின்னச் சின்னதாகக் கேளுங்கள். 'உங்கள் வாழ்க்கையைச் சொல்லுங்கள்' என்றால் யாராலும் சொல்ல முடியாது.

இனி அவர் தயக்கம். "என் குரலை அந்நிய ஆண்கள் கேட்கலாமா?" என்கிறாராம். பெண்ணின் குரல் அதனளவில் மறைக்கப்பட வேண்டியதல்ல என்பதே உலமாக்களில் பெரும்பாலோர் கருத்து. ஆயிஷா (ரழி) அவர்கள் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட ஹதீஸ்களை அறிவித்தவர்கள். ஸஹாபாக்களும் தாபியீன்களும் திரைக்கு இப்பால் அமர்ந்து அவர்களிடம் கேட்டுப் படித்தார்கள். நாற்பது வருடத்துக்கு முந்திய கிணற்றைப் பற்றி ஒரு மூதாட்டி பேசுவதில் தடைக்கு இடம் எனக்குத் தெரியவில்லை. ஆனால் சகோதரியே, இதைச் சொல்லி அவரை வாயடைக்கச் செய்துவிடாதீர்கள். கூடும் என்பது வேறு, அவர் விரும்புவது வேறு. யார் கேட்கலாம் என்று அவரிடமே கேளுங்கள். 'வீட்டாருக்கு மட்டும்' என்றால் வீட்டாருக்கு மட்டும். ஊருக்கும் இருக்கட்டும் என்றால், 2005 முதல் நம் நாட்டுத் தமிழ் பேசும் மக்களின் நூல்களையும் ஆவணங்களையும் சேர்த்துவரும் நூலக நிறுவனம் வாய்மொழி வரலாறுகளையும் சேர்க்கிறது. அங்கே பிரதி கொடுக்கலாம். அந்தப் பதிலையும் பதிவின் தொடக்கத்தில் அவர் வாயாலேயே சொல்லவையுங்கள். திகதி, இடம், பெயரோடு. பதிவைச் சுருக்காமல் முழு அளவில் வைத்து, இரண்டு வேறு வீடுகளில் பிரதி வையுங்கள். கத்தாரிலுள்ள உங்கள் கணவரிடம் ஒன்று.

பெட்டி திருத்தப்பட்டு வர இரண்டு மாதம் ஆகலாம், நான்கும் ஆகலாம்; கொள்ளளவி கொழும்பிலிருந்து வர வேண்டியிருக்கும். அவருக்கு 84 வயது. இன்று அஸருக்குப் பின் உங்கள் கைத்தொலைபேசியை அந்தத் தலையணையில் வைத்து, பெட்டி எப்படிச் செய்யப்பட்டது என்ற கதையிலிருந்தே தொடங்குங்கள். பேரன் கேட்கட்டும். மெயின் ட்ரான்ஸ்போமர் எங்கிருந்து வந்தது என்று அவருக்கு நினைவிருந்தால் எனக்கும் எழுதுங்கள். வேலைக்காரருக்கு அது தெரிவது நல்லது.